என்னைப் பள்ளிக்கூடத்துக்கே இறக்கிவிடக் கோரும் மனு

அனுப்புநர்
வாத்தியக் குழு இயக்குநர்,
பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவு,
கலையரங்கின் பின்புற அறை.

பெறுநர்
செயலர் அவர்கள்,
கல்வித் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: பல்கலைக்கழக வாத்தியக் குழு இயக்குநராகிய என்னை, நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் காலியாக உள்ள தொடக்கநிலை பேண்ட் ஆசிரியர் பணியிடத்துக்கு, தண்டனையாக அல்லாமல் விருப்பத்தின்பேரில் மாற்றக் கோருதல் – என் முந்தைய மனு விசாரணையின்றித் திருப்பப்பட்டது குறித்த புகார் – என் கணவரின் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை அதுவரை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பணியாளர் பிரிவு எனக்கு அனுப்பிய மறுப்புக் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் என் முகத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. என் முதுகை நன்றாக அறிவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் பட்டமளிப்பு விழாவில் தாங்கள் மற்ற பெரியவர்களுடன் அணிவகுத்து மேடையேறும்போது, படிக்கட்டின் இடப்புறம் கருநீலக் கோட்டு அணிந்து, தங்களுக்கு முதுகு காட்டி நின்று கையசைத்துக்கொண்டிருப்பவள் நான்தான். அது என் தொழிலின் முறை, அவமரியாதை அல்ல. இம்மனுவில்தான் முதன்முறையாகத் தங்கள் பக்கம் திரும்பி நின்று பேசுகிறேன்.

1. நான் படிப்பை முடித்ததும் பேண்ட் ஆசிரியராகச் சேர்ந்தது மேற்படிப் பள்ளியில். நடைக்கூடத்தின் கோடியில், குடிநீர்க் குழாய்களை ஒட்டிய அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மற்ற வகுப்புகளிலிருந்து அது தொலைவில் இருந்ததே காரணம். அந்தத் தொலைவு போதவில்லை என்று கணக்கு ஆசிரியர் பருவந்தோறும் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுப்பார். அறையில் இருந்தவை நெளிந்த டிரம்பெட்டுகள், காற்றுக் கசியும் கிளாரினெட்டுகள், ஒரு பெரிய டிரம், அந்த டிரம்முக்குப் பின்னால் என் கணவர். அப்போது அவர் என் கணவர் அல்ல. தாள வாத்திய ஆசிரியர். ஆள் ஒல்லி; பேச்சு அதைவிடக் குறைவு. அதனாலேயே பிள்ளைகள் அவருக்கு 'டமாரம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இசையை இயக்கும் குச்சியோடு நிற்கும் நான் 'குச்சி டீச்சர்'. தாளம் வாசிப்பவர் இயக்குநரின் கையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது தொழில் விதி. அவர் விதியில் உள்ளதற்கு மேலும் கொஞ்சம் பார்த்தார். அடுத்த கோடை விடுமுறையில் எங்கள் திருமணம் நடந்தது. கோப்புக்குத் தேவையான அளவுக்கு மட்டும் இதைக் குறிப்பிடுகிறேன்.

2. எங்கள் பிள்ளைகள் சில ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளை வென்று கேடயம் வாங்கத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட பல்கலைக்கழகம், புதிதாக உண்டாக்கிய இயக்குநர் பணியிடத்துக்கு என்னை அழைத்தது. பணியிடம் ஒன்றே ஒன்று, ஊரோ தொலைவு. எங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நான் தயங்கினேன். தயக்கத்தை முடித்துவைத்தவர் என் கணவர்தான். என் பெட்டியை அவரே பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, "போயிட்டு வா. பஸ் ரெண்டு பக்கமும்தானே ஓடுது" என்றார். என் இடத்தில் அவர் அப்பள்ளியின் பேண்ட் இயக்குநரானார். அவருக்குக் கீழே தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கென்று இன்னோர் ஆசிரியரும் நியமிக்கப்பட்டார்.

3. பேருந்து இரண்டு பக்கமும் ஓடியது உண்மைதான். ஆனால் ஐயா, ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும் நாள்தான் பேண்டுக்கு வேலை நாள். கொடியேற்றம், பரிசளிப்பு, விளையாட்டு விழா, விருந்தினர் வருகை என்று எல்லாமே குடும்பங்கள் கூடியிருக்கும் நாள்களில்தான் வரும். அவருக்கு ஓய்வு கிடைத்தால் எனக்குப் பட்டமளிப்பு. எனக்கு ஓய்வு கிடைத்தால் அவருக்கு ஆண்டு விழா. மகள் அவரிடம் வளர்ந்தாள். அவளுக்குப் பல் விழுந்ததும் புதுப்பல் முளைத்ததும் எனக்குத் தொலைபேசியில்தான் தெரியும். எந்தப் பல் என்று கேட்டால், ஒலிவாங்கியில் அதை நகத்தால் தட்டிக் காட்டுவாள். இப்போது அவள் வேலைக்குப் போய்விட்டாள். சென்ற முறை வந்தபோது பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற போட்டோ எல்லாத்துலயும் பின்னாடி ஒரு வேன் நிக்குது" என்றாள். வாத்தியங்களை ஏற்றும் வேன். அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு விவரமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் நான் முதல் மனுவை எழுதினேன்.

4. அந்த வேன் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொது விளையாட்டு விழாவில், பள்ளிகளின் பேண்டும் பல்கலைக்கழக பேண்டும் ஒரே மைதானத்தில் அணிவகுக்கின்றன. பள்ளிகள் முதலில், நாங்கள் கடைசியில். என் மாணவர்களைப் பார்வையாளர் மாடத்தின் பின்புறம் வரிசையில் நிறுத்திவிட்டு, நான் சுவரோரம் போய் நின்றுகொள்வேன். அவருடைய பேண்ட் உள்ளே நுழைவதை என்னால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அது எனக்குப் போதும். நடையின் வேகத்தை வைத்தே அவர் முந்தின நாள் சரியாகத் தூங்கினாரா என்று சொல்லிவிடுவேன். ஓராண்டு அணிவகுப்பு இசை வழக்கத்தைவிடச் சற்று இழுத்தாற்போல வந்தது. அவருக்குக் காய்ச்சல் என்று அறிந்தேன். விழா முடிந்து வேனருகே நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது கொதித்துக்கொண்டிருந்தது. வாத்தியங்களை ஏற்றி முடிக்கும்வரைதான் எங்களுக்கு நேரம். பிள்ளைகள் அது தெரிந்து, இருப்பதிலேயே கனமான ஊதுகருவியான டியூபாவை வேண்டுமென்றே மெதுவாகத் தூக்கி வருவார்கள்.

5. நான் கணவருக்காக மட்டும் மாறுதல் கேட்கிறேன் என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழகத்தில் எனக்கு மரியாதைக்கும் வசதிக்கும் குறைவில்லை. சத்தம் வெளியே போகாத சுவர்கள், பளபளக்கும் வாத்தியங்கள். என்னிடம் வரும் மாணவர்கள் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களை ஒன்றுசேர்ப்பது மட்டுமே என் வேலை. ஆனால் முதன்முதலாக டிரம்பெட்டை வாயில் வைக்கும் ஒரு பிள்ளையை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வெறும் காற்றுதான் வரும். கன்னம் வலிக்கிறது, எனக்கு வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்று அழும். பிறகு ஒருநாள், யாரும் எதிர்பாராத நேரத்தில், சத்தம் வந்துவிடும். அதை இசை என்று சொல்ல மாட்டேன். லாரி ஹார்ன் என்றே சொல்லலாம். அந்தப் பிள்ளை உடனே டிரம்பெட்டைத் திருப்பி அதன் வாய்க்குள் எட்டிப் பார்க்கும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் போல. அந்த முகத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பது பதவி உயர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அருமையான ஒத்திகைகளின் நடுவில்கூட அந்த லாரி ஹார்னுக்காகக் காது ஏங்குகிறது.

6. இந்நிலையில், அப்பள்ளியின் தொடக்கநிலை ஆசிரியர் வேறு வேலைக்குப் போக, அவர் இடம் காலியானது. அந்த இடத்தை எனக்குத் தருமாறு மனுச் செய்தேன். அதைத்தான் பணியாளர் பிரிவு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "விதியில் இடமில்லை" என்ற ஒற்றை வரியுடன் திருப்பி அனுப்பியது. நேரில் சென்று விசாரித்தேன். பிரிவு அலுவலர் நல்லவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டிவிட்டு, "மேடம், மேல போறதுக்குத்தான் வழி இருக்கு. கீழ வரணும்னா தண்டனையா மட்டும்தான் வர முடியும். நீங்க ஏதாவது தப்பு பண்ணினீங்கன்னா அடுத்த வாரமே இறக்கிடலாம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. எனக்கு உதவத்தான் நினைத்தார்.

7. அவர் சொன்னதை நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அடுத்து வந்த நிறுவனர் நாள் விழாவில், விருந்தினர்கள் மேடைக்கு நடந்துவரும் இசையை இருமடங்கு வேகத்தில் எடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். துணைவேந்தரும் பெரிய விருந்தினர்களும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அதற்குமேல் ஒரு குற்றம் தேவைப்படாது. குச்சியைத் தூக்கினேன். எதிரே அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு, என் கையையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாகச் சரியான வேகத்தில் இறங்கிவிட்டது. விழா மிகச் சிறப்பாக இருந்ததென்று பாராட்டுச் சான்றும் கொடுத்தார்கள். அதன் நகலை இணைக்கவில்லை. என் கோரிக்கைக்கு அது பாதகமாக அமையக்கூடும்.

8. நேற்று விளையாட்டு விழா. இந்த ஆண்டு அவருடைய பேண்ட் வழக்கத்தைவிடத் துள்ளலாக நுழைந்தது. என்ன விசேஷம் என்று சுவரோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வேனருகே சந்தித்தோம். அவருடைய கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாத்தியப் பழுதுக்கு வைத்திருக்கும் ஊசிநூலை எடுத்து, அவரை அசையாமல் நிற்கச் சொல்லித் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார்: "நான் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். செயலர் மேசைக்குப் போயிருக்கு. இனிமே நீ வேலையைப் பாரு, நான் வீட்டைப் பாத்துக்கறேன்." நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். சற்று நேரம் மைதானத்தில் டிரம்முகளைத் தூக்கி வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ இருக்கற இடத்துக்குப் பக்கத்துல ஸ்கூல் ஏதாவது இருக்கா? சும்மாதான் கேட்டேன்" என்றார்.

9. ஐயா, நான் குடியிருக்கும் பணியாளர் குடியிருப்புக்கு அருகில் பள்ளி எதுவும் இல்லை. ஒருபுறம் பல்கலைக்கழக மதில், மறுபுறம் நூலகம். இரண்டு கோடைகளுக்கு முன் அவர் சில நாள்கள் வந்து தங்கியிருந்தார். முதல் நாள் வீட்டிலுள்ள கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். இரண்டாம் நாள் குக்கர் விசில் அரை ஸ்வரம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நான் ஒத்திகை முடிந்து வரும்போது கட்டிலோரம் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார். அவர் என்னோடு இருக்க வேண்டும் என்பதைவிட எனக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற ஆளில் பாதிதான் எனக்குக் கிடைப்பார். எனக்கு முழு ஆளும் வேண்டும்.

10. நான் மனுச் செய்த விவரம் அவருக்குத் தெரியாது. நேற்றும் சொல்லவில்லை. சொன்னால், நான் பதவி இறங்குவதைத் தடுக்கத் தன் விண்ணப்பத்தை விரைவுபடுத்தச் சொல்லித் தங்கள் அலுவலக வாசலிலேயே வந்து நிற்பார். ஆகவே இப்போது எங்கள் இருவருடைய காகிதங்களும் தங்கள் மேசைமீது ஒன்றாக இருக்கின்றன. அவையாவது ஒரே இடத்தில் இருப்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

11. என் மாறுதலால் பல்கலைக்கழகத்துக்கு இழப்பு ஏதுமில்லை. என் உதவி இயக்குநர் என்னைவிட நல்ல காதுள்ளவர். முகத்தைச் சுளிக்காமல் திருத்தத் தெரிந்தவர். ஊதியம் குறைவதில் எனக்கு மறுப்பில்லை. கணவருக்குக் கீழ் மனைவி பணிபுரிவது குறித்துப் பிரிவு அலுவலர் ஐயம் எழுப்பினார். விதியில் அதற்குத் தடையேதும் அவராலும் காட்ட முடியவில்லை. அங்கே யார் சொல்வதை யார் கேட்பது என்பதை நாங்கள் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். அப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்பதுதான் இம்மனுவின் சாரம்.

ஆகவே, மேலே கண்டவற்றைக் கருத்தில்கொண்டு, என் கணவரின் ஓய்வு விண்ணப்பத்தின் மீது கையொப்பமிடாமல் நிறுத்திவைக்கவும், தொடக்கநிலை பேண்ட் ஆசிரியர் பணியிடத்தை எனக்கு வழங்கவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விருப்பத்தின்பேரில் இறங்க விதியில் வழியே இல்லையென்றால், தண்டனையாகவே இறக்கிவிடுங்கள். காரணம் என்று எதைக் குறித்தாலும் மறுக்காமல் ஏற்று ஒப்பமிடுவேன்.

இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். ஆணை பிறப்பிக்கப்பட்டால், அதன் பள்ளிக்குரிய நகலை வழக்கம்போல் அஞ்சலில் அனுப்ப வேண்டாம். என்னிடம் கொடுத்தால் போதும். பெட்டி படுக்கையோடு நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துக்கொள்கிறேன்.

இடம்: பல்கலைக்கழக வாத்திய அறை
நாள்: விளையாட்டு விழாவுக்கு மறுநாள்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வாத்தியக் குழு இயக்குநர்