ரயிலில் விட்டு வந்தவர்

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் யானகா போய்விட்டு வந்தேன். நிப்போரி ரயில் நிலையத்தில் இறங்கி, கல்லறைத் தோட்டத்துச் செர்ரி மரங்களுக்குக் கீழே நடந்தால் நாத்தனார் கினுவே அண்ணி வீடு. மரங்கள் இலை அடர்ந்து நிற்கின்றன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சு எவ்வளவோ ஆச்சு. என் தம்பி அஸ்தியை எப்பத்தான் கொண்டாரப் போற யசுயோ? குடும்பக் கல்லறை இங்க காத்துக் கிடக்கு" என்றார். அடுத்த ஞாயிறு என்றேன். அஸ்திப் பெட்டியும் போய்விட்டால் என் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூன் 13

சோறாக்கினேன். பெட்டி முன்னால் அவருக்கும் ஒரு கிண்ணம். இன்றும் அழுகை வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

என்ன பண்ணித் தொலைச்சேன்!

அஸ்திப் பெட்டியின் வெள்ளைத் துணி தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடம் என்று, மேலே ஊதாத் துணி சுற்றி எடுத்துப் போனேன். வண்டியில் கூட்டம். மடியில் வைத்தால் அடுத்தவரை இடிக்குமே என்று தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்தேன். நிப்போரி வந்தது. எல்லா ஞாயிறும் போல வெறுங்கையோடு இறங்கி, மரத்தடியில் நடந்து, அண்ணி கதவைத் திறந்து என் கைகளைப் பார்த்த பிறகுதான் —

"எங்கடி அவன்?"

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வேணும்னே விட்டுட்டு வந்தியா?"

அப்படி அஸ்தியை ரயிலில் விட்டுப் போகிறவர்களும் இந்த ஊரில் உண்டு. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியல அண்ணி" என்றேன். எனக்கே தெரியலையே!

ஜூன் 17

கிடைத்துவிட்டார். ஊரைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டி அது. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு அண்ணியும் என்னோடு வந்தார்.

"உள்ள என்ன இருக்குங்க?" என்று ரயில் நிலைய ஊழியர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

ஊழியர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார்.

அண்ணி பெட்டியைத் தட்டி, "ஏண்டா ஹருமிச்சி, லீவு நாள்ல வாசல் தாண்ட மாட்டியே. இப்ப ஆசை தீர ஊர் சுத்தியாச்சா?" என்றார். சிரித்தார், உடனே அழுதார். நான் கல்லாட்டம் நின்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

கல்லறைக் கல்லை நகர்த்தினார்கள். நானே உள்ளே இறக்கினேன். மூடினார்கள். அவ்வளவுதான்.

அண்ணி வீட்டில் மதியம் குளிர்ந்த நூடுல்ஸ். சாப்பிட்டதும் அவர் பாயில் சாய்ந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவினேன். உள்ளேயிருந்து குறட்டை. முதலில் ஒரு நீள இழுப்பு, நடுவில் மூச்சே நின்ற மாதிரி ஒரு நிறுத்தம், அப்புறம் மெல்லிய விசில். எத்தனை வருஷம் "திரும்பிப் படுங்களேன்" என்று முதுகில் குத்தியிருப்பேன்! அச்சு அசல் அவரேதான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே குறட்டை.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன். அண்ணி விழித்துக்கொண்டால் அந்தக் குறட்டை நின்றுபோய்விடும்.