லாண்டரி ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தார்கள். “என்னடா, கை இப்படி வெந்து போயிருக்கு?” என்றார்கள். கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அங்கே குளிர் அப்படி என்று சொல்லி வைத்தேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தால் “ம்” தவிர எனக்கு வாயில் எதுவும் வரமாட்டேன் என்கிறது. எழுதினாலாவது வருகிறதா பார்ப்போம்.

ஃப்ரீசரில் குழம்பு டப்பாக்கள் இருக்கின்றன. டியூட்டி டியூட்டி என்று வயிற்றைக் காயப்போடாதே. எப்போது திரும்புவேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் வக்கீல்

பிப்ரவரி 20

என் வக்கீல் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தையின் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், குழம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சொட்டு மருந்து விட உங்கள் தங்கை அடுத்த தெருவிலேயே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டு, என் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதோடு உங்கள் வேலை அனுமதியும் நீளும். ஆனால் நீங்கள் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். மார்ச் முடிவதற்குள் வராவிட்டால் காலாவதி. முதல் தடவை அந்த அனுமதி அட்டை வந்த அன்று, “இனிமே நானும் சட்டப்படி சம்பாதிக்கலாம்டி” என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம், பெரிய டாக்டரோடும் வெளியூர் விருந்தாளிகளோடும் நான் லிஃப்டில் நின்றேன். நீங்கள் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். அங்கே நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? விழவில்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
டாக்டரம்மா

மார்ச் 2

அன்புள்ளவளுக்கு,

காதில் விழுந்தது.

உன்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன். அது என் தப்பு. பெரிய டாக்டர் கேட்டார், “உங்களப் பாத்து சிரிக்கிறாரே, தெரிஞ்சவரா?” நீ சொன்னாய், “இல்ல சார், லாண்டரி ஆள்.”

லாண்டரி ஆள் என்றது பொய்யில்லை. உண்மையான சாட்சியத்தை எந்த வக்கீலாலும் குறுக்கு விசாரணை செய்து உடைக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு “இல்ல” சொன்னாயே, அதைத்தான் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்து லிஃப்ட் நின்ற மாடியில் வண்டியோடு இறங்கிவிட்டேன். அது பிரசவ வார்டு. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. “அழுக்குத் துணிய எதுக்கு இங்க கொண்டு வர்றீங்க?” என்று நர்ஸ் ஒருத்தி சத்தம் போட்டாள். ஸாரி சொல்லிவிட்டுப் படி ஓரமாக நின்றேன்.

என் சட்டப் படிப்பு அந்த நாட்டில் செல்லாது என்று தெரிந்துதான் உன்னோடு வந்தேன். உன் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்த அனுமதியில், தேடித் தேடிக் கிடைத்தது உங்கள் ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்கும் கம்பெனிதான். “கொஞ்ச நாளைக்கு யாருக்கும் சொல்ல வேணாமேங்க” என்றாய். நானும் தலையாட்டினேன். ஆகவே குற்றவாளிக் கூண்டில் உன்னை மட்டும் நிறுத்த மாட்டேன்.

போன ஞாயிறு உங்கள் வீட்டில் விருந்து. மாமா பக்கத்து வீட்டு ரிட்டையர்டு தாசில்தாரையும் அழைத்திருந்தார். “நம்ம மாப்பிள்ளை அங்க ஆஸ்பத்திரிக்கே சட்ட ஆலோசகர்” என்று அறிமுகம் செய்தார். தாசில்தார் விடுவாரா? “அங்கல்லாம் எந்த மாதிரி கேஸ் வரும் தம்பி?” என்றார்.

“எல்லாம் கறை படிஞ்ச கேஸ்தான் சார்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை இன்னொரு கரண்டி சோறு போட்டார்கள். அதையும் சாப்பிட்டு முடித்தேன்.

இப்படிக்கு,
உன் வக்கீல்

மார்ச் 11

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே ரவுண்ட்ஸ் போனேன். நோயாளி ஒருவர், “ஒடம்பு சரியில்லையா டாக்டர்?” என்று என்னைக் கேட்டார்.

இன்று மதியம் கீழ்த்தளத்து லாண்டரிக்குப் போனேன். இத்தனை நாள் இந்தக் கட்டடத்தில் இருந்தும் அங்கே நான் இறங்கியதில்லை. உள்ளே நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால், நீங்கள் பெரியம்மா என்று சொல்லுவீர்களே, அந்தத் தமிழ்க்கார மேற்பார்வை அம்மா எதிரில் நிற்கிறார்.

“என்ன டாக்டர், கோட்டு ஏதாச்சும் காணாமப் போச்சா?”

“இல்லம்மா. ஊருக்குப் போயிருக்காரே, வாயே தொறக்க மாட்டாருன்னு நீங்கல்லாம் சாமியார்னு கூப்பிடுவீங்களாமே, அவரு என் வீட்டுக்காரர்.”

இஸ்திரி மெஷினில் நின்ற பெண்கள் சிரித்தே விட்டார்கள். பெரியம்மாவும் என் தோளில் தட்டிச் சிரித்தார். “போங்க டாக்டர், தமாஷ் பண்ணாதீங்க. அவரு பொண்டாட்டி ஊர்ல டீச்சர். நல்லாப் பாடும்னு சொல்லுவாரு.”

போனை எடுத்து நம் கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பெரியம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தார். முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, “உக்காருங்க டாக்டர்” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப ஏம்மா அவரு தெனமும் தனியா உக்காந்து சாப்பிட்டாரு? நீங்க மேலதான இருந்தீங்க?” என்று கேட்டார்.

“டியூட்டி” என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஊரில் டீச்சர் என்று ஏன் சொன்னீர்கள்? நான் உங்களை ஒரு தடவை இல்லை என்றேன். நீங்கள் என்னைத் தினமும் இல்லை என்றிருக்கிறீர்களா? எனக்குக் கேட்க உரிமையில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வந்துவிடுங்கள். டிக்கெட் போடட்டுமா?

உங்கள்,
டாக்டரம்மா

மார்ச் 24

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

என் மனைவி மேலே டாக்டராக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால், “அப்ப ஏன் ஒருநாள்கூட கீழ வரல?” என்று கேட்டிருப்பார்கள். பெரியம்மா உன்னிடம் கேட்டதும் அதைத்தானே. உன்னை விட்டுக்கொடுக்காமல் சொல்ல அதற்கு ஒரு பதிலும் என்னிடம் இல்லை. ஊரில் இருக்கிற மனைவி ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். நன்றாகப் பாடுவாள் என்றது மட்டும் உன்னைப் பற்றித்தான்.

நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். “மாமா, நான் சட்ட ஆலோசகர் இல்ல. துணி வெளுக்கறேன்.” அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அதனால என்ன மாப்பிள்ளை. கொஞ்ச நாளைக்கு வெளிய சொல்லிக்காதீங்க. நம்ம பொண்ணுக்குத்தான் தலைகுனிவு” என்றார். உன் வார்த்தை எந்த வீட்டில் விளைந்தது என்று அப்போது புரிந்தது. உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அந்த வேலையில் எனக்கு வெட்கமே இல்லை. வெளுத்து மடித்து அடுக்கிய விரிப்புகளைப் பார்த்தால் ஜெயித்த கேஸ் கட்டுகள் மாதிரி இருக்கும். ஒளித்து ஒளித்துச் செய்ததில்தான் வெட்கம். அங்கே வந்தால் உனக்காக மறுபடியும் ஒளிப்பேன். நீ வேண்டாம் என்றாலும் ஒளிப்பேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

டிக்கெட் போடாதே. அனுமதி போனால் போகட்டும். திங்கள்கிழமையிலிருந்து கோர்ட்டுக்குப் போகிறேன். பெட்டியிலிருந்த கறுப்புக் கோட்டை நானே துவைத்து இஸ்திரி போட்டேன். இவ்வளவு மடிப்புக் கலையாமல் அதை நான் ஒருநாளும் போட்டதில்லை, போ.

லீவு கிடைக்கும்போது நீ வா. வந்தால் பேசுவோம்.

உன் வக்கீல்

ஏப்ரல் 6

என்னங்க,

டிக்கெட் போடவில்லை. உங்கள் அனுமதி காலாவதியாகிவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். சரி என்றேன்.

இன்று டாக்டர்கள் சாப்பிடுகிற அறையில் பெரிய டாக்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கூட இரண்டு பேர் இருந்தார்கள். நானாகவே ஆரம்பித்தேன். “சார், அன்னிக்கு லிஃப்ட்ல துணிவண்டியோட ஒருத்தர் வந்தாரே. தெரிஞ்சவரான்னு கேட்டீங்க. அவரு என் ஹஸ்பண்ட்.” சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஓ, சிரிச்சாரே, அவரா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நல்லா இருக்காரா?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், பக்கத்திலிருந்த உப்பை எடுத்துத் தரச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவ்வளவுதாங்க. அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. இதற்குப் பயந்துதான் அன்றைக்கு உங்களை இல்லை என்றேன்.

நல்லா இருக்காரா என்றதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள்,
மனைவி