சங்கிலியைக் குறுக்காக மாட்டியவனுக்கு

அன்புள்ள கிரேனுக்கு,

நீ சோபா என்று கூப்பிடுகிறவன் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, உன் பிரிட்ஜ் மூவரும் நலம். அங்கே நீயும் மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

சாமான்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று மகளை விட்டுக் கேட்டாயாம். டிரெய்லர் ரிப்பேர் என்று என் வீட்டுக்காரியைச் சொல்ல வைத்தேன். அது பொய். டிரெய்லருக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் எனக்குத்தான். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரி, மகளுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதே.

நீ என் வீட்டு மாடியைக் காலி செய்து மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை நமக்குள் வந்த சண்டை நினைவிருக்கும். முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நீ. கனமான சாமான் சக்கரத்துக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும், பின்னால் போனால் வண்டி வாலை ஆட்டும் என்றாய். நான் வேண்டுமென்றே பிரிட்ஜைக் கடைசியில் நிறுத்தினேன். இருபது வருடமாகச் சோபா தைத்து அதே டிரெய்லரில் ஏற்றுகிறவனுக்குப் பாடம் எடுக்காதே என்றேன். சோபா பஞ்சு, இது இரும்பு என்றாய். நீ சொன்னது சரி என்று அப்போதே தெரியும், வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீயாச்சு, உன் டிரெய்லராச்சு. நான் பஸ்ல போறேன்" என்று பையைத் தூக்கினாய். நான் கார் சாவியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஊரைத் தாண்டும்வரை டிரெய்லர் நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. வேகம் கூடியதும் ஆட ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் உன் கட்டில் ஒருமுறை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, மறுமுறை அந்தப் பக்கம். பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடு என்று நீ நூறு முறை சொன்னது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக உன் பேச்சைக் கேட்டேன். ஆட்டம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு முன்னால் வேகத்தடை.

டங் என்று ஒரு சத்தம். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புப் பந்திலிருந்து அது கழன்றுவிட்டது. பூட்டின் கைப்பிடி இறங்கியிருந்ததே தவிர, உள்ளே பந்தைக் கவ்வியிருக்கவில்லை. மாட்டியதும் ஒருமுறை தூக்கிப் பார் என்பாயே, அதையும் நான் செய்யவில்லை. சாலையோரம் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

ஆனால் டிரெய்லர் எங்கும் ஓடவில்லை. அதன் மூக்கு தரையில்கூட இடிக்காமல், தொட்டிலில் கிடப்பதுபோல, காரோடு அதைப் பிணைத்திருந்த இரண்டு சங்கிலிகள்மேல் கிடந்தது. பிரிட்ஜ் கதவுதான் திறந்துகொண்டது. நீ அதற்குள் பனியன்களைத் திணித்து வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் சாலையெங்கும் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் இரண்டை மடித்தே கொடுத்தார்.

கீழே குனிந்து பார்த்தேன். சங்கிலியை நான் மாட்டவில்லை. இதென்ன நாயா என்று கிண்டல் செய்கிறவன் நான். இடது சங்கிலி வலப்பக்கமும் வலது சங்கிலி இடப்பக்கமுமாக, குறுக்காக மாட்டி, கொக்கிகளின் வாயைக் கம்பியால் கட்டியிருந்தது. அப்படிக் கட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியைக் கேட்டால், "அண்ணன் தரையில படுத்து மாட்டிட்டுத்தான் போனாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்கிறாள். மடங்காத அந்த முட்டியோடு, அவ்வளவு கோபத்தோடு நீ படுத்திருக்கிறாய்.

டிரெய்லரின் மூக்கை நாலு பேர் தூக்கி மாட்டிவிட்டார்கள். நான் உன் ஊருக்கு வராமல் வீட்டுக்கே திருப்பிவிட்டேன். வெட்கம் ஒரு காரணம். சாமான் இங்கே இருக்கும்வரை நீ முழுதாகப் போகவில்லை என்று தோன்றியது இன்னொரு காரணம். சண்டை பிரிட்ஜுக்காக இல்லையடா. நீ போகிறாயே என்றுதான். மேலே நீ நாற்காலி இழுக்கிற சத்தம் இல்லாமல் எனக்கு மதியத் தூக்கமே வருவதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். பிரிட்ஜ் முன்னால் நிற்கிறது. பட்டைகளை இறுக்கிவிட்டேன், பின்விளக்கு எரிகிறது, பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், சங்கிலி குறுக்காக. மகள் வீட்டு கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கத்தான் நீ பின்னால் நின்று கத்த வேண்டும். காரில் பக்கத்துச் சீட்டு உன் முட்டிக்காகத் தள்ளி வைத்தபடியே இருக்கிறது. என் வீட்டுக்காரிக்குக் கால் எட்டவில்லை என்றாலும் நான் அதை நகர்த்த விடவில்லை.

ஒன்றே ஒன்று. திரும்பும்போது டிரெய்லர் காலியாக இருக்கும். காலி டிரெய்லர் ரொம்பத் துள்ளும் என்று நீதான் சொல்வாய். ஏதாவது கனம் வேண்டும். என்னோடு வர ஒரு வாரத்துக்குத் துணி எடுத்து வை.

உன்னிடம் தோற்றுப்போன,
சோபா