எதிர்ப்பக்கம் மடித்த இலை

அப்பா, ஞாயிறு காலை ஏழு இருபதுக்கு உங்கள் செய்தி வந்தது. பெண் பார்க்க வியாழக்கிழமை நான் வருவதாகச் சொல்லிவிட்டீர்களாமே. உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நான் நலம். வார நாட்களில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் மெஷின்களைப் பழுதுபார்க்கிறேன். ஞாயிறுதோறும் போடியில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் காலைப் பலகாரம். அன்று சாப்பிடும்போதுதான் செய்தியைப் படித்தேன். எழுந்தபோது, துக்க வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன்.

கடைக்காரர் செல்லக்கிளி அக்கா பார்த்துவிட்டார். "ஏப்பா, என் கடையிலயா எழவு விழுந்துருக்கு?"

"பொண்டாட்டி செத்து அஞ்சு மாசம்க்கா. கை தன்னால மடிச்சிருச்சு."

அந்த இலையை அவரே எடுத்துப் போட்டார். பிறகு புது இலை போட்டு இரண்டு இட்லி வைத்தார். "உக்காந்து தின்னு. இந்த எலையவாவது ஒழுங்கா மடி."

சாப்பிட்டேன். மடிக்க மனம் வரவில்லை. விரித்தபடியே விட்டுவிட்டு வந்தேன். பெண் வீட்டாரிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள், அப்பா.

இங்கே குளிர் அதிகம். தமிழினி சாவதற்கு முன் எனக்கு வாங்கிய நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள். அம்மா அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். மேலே வேலைக்குப் போக ஜீப்பு வந்துவிட்டது. இதை அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிடுவேன்.