தங்கையைப் பற்றி ஓர் ஓரக்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

மன்னிக்கணும். எழுதுகிற அளவுக்கு இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆபீசில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நாவல் படித்தேன். வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான். இதற்கு ஒரு நோட்டா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பல் டாக்டர் குழுவில் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை ஓரக்குறிப்பு எழுத வேண்டியவங்க வாரம் முழுக்க ஏதாவது கிறுக்கிட்டே இருங்க. அப்பத்தான் கை பழகும்." இந்த ஞாயிறு என் முறை. இத்தனை நாள் "அடுத்தவங்க எழுதட்டும்" என்று நழுவியாகிவிட்டது.

குழுவின் பெயர் "இன்னும் பதினேழு". இளையோர் நாவல்களைச் சேர்ந்து படிக்கும் இணையக் குழு. நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். பேரன் பேத்தி எடுத்த ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார். கதையில் பதினாறு வயதுப் பெண் அழுதால் இவரும் அழுதுவிட்டு வந்து எழுதுவார். ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பகலில் ஏதாவது வேடிக்கையாகப் பட்டால் இவர்களிடம் சொல்லத்தான் தோன்றுகிறது.

மாதம் ஒரு நாவல். முடிவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. வாரம் ஒருவர் நாவலிலிருந்து ஒரு வரியை எடுத்து, அதன் ஓரத்தில் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எழுத வேண்டும். அதுதான் ஓரக்குறிப்பு.

என் வாழ்க்கையில் எதை எடுப்பது? இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். ஆபீசிலானாலும் வீட்டிலானாலும், யாருக்காவது போன் செய்யச் சொன்னால், பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படிக்குப் போய் முணுமுணுவென்று ஒத்திகை பார்த்த பிறகுதான் பேசுவேன். "வணக்கம் சார்" உட்பட. இதையா எழுதுவது? சிரிப்பார்கள்.

ஜூன் 5, வியாழன்

ஃபேன் சண்டை. எங்கள் அறையில் இருக்கும் டேபிள் ஃபேனுக்குக் கழுத்து திரும்பாது. ஒன்று என் பக்கம், இல்லை தங்கை பக்கம்.

"காலைல வேலைக்கு ஓடுறவ நான்" என்றேன்.

"ஆமாம்மா, ஆபீசர். இந்த வீட்டுல காத்துகூட டிகிரி வாங்கினவங்களுக்குத்தான்" என்றாள் அவள். பதினொன்றாம் வகுப்பு. வாய் மட்டும் வக்கீல்.

அம்மா சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் எந்திரிச்சு வெளிய வாங்கடி. அந்த ஃபேனாவது நிம்மதியா தூங்கட்டும்" என்றாள்.

தங்கை சொன்னதிலும் தப்பில்லை. ஹாலில் நான் பட்டம் வாங்கிய போட்டோதான் சுவரின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் தினமும் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். யார் வந்தாலும் போட்டோவைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

ஜூன் 7, சனி

வரி கிடைத்துவிட்டது.

இந்த மாத நாவலில் ஒரு பெண் தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடியில் வசிக்கிறாள். அப்பா தீயணைப்பு வீரர். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் ஓட, இவள் கண்ணாடி முன் போய் நிற்கிறாள். "பயப்படாத முகத்தை நான் தினமும் செய்து பார்க்கிறேன்" என்கிறாள்.

படித்ததும் தங்கை நினைவுதான் வந்தது. சாயங்காலம் குளியலறையில் பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் சிரித்துப் பழகுகிறாள். ஒரு சிரிப்பு, நிறுத்தம். கொஞ்சம் மெல்லிசாக இன்னொன்று. போனில் பதிந்து கேட்டுப் பார்ப்பாள் போல, அதே சிரிப்பு தகரக் குரலில் திரும்ப வரும். பள்ளியில் யாரோ அவள் சிரிப்பை ஸ்டார்ட் ஆகாத மோட்டார் என்று சொன்னார்களாம். ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இதைவிட நல்ல ஓரக்குறிப்பு எங்கே கிடைக்கும்?

ஜூன் 8, ஞாயிறு

போட்டுவிட்டேன். தங்கை பெயரைச் சொல்லாமல்.

மாலை. நம்பவே முடியவில்லை. குழுவுக்கு வெளியேயும் பகிர்கிறார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் தங்கைகளைப் பற்றி எழுதுகிறார்கள். ஆடிட்டர் எழுதியது: "என் தங்கச்சிகூடப் பேச்சு விட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆச்சு. இதைப் படிச்சிட்டு இன்னிக்குப் போன் பண்ணேன். எடுத்தா."

என்னால். நான் எழுதிய ஒன்றால்!

ஜூன் 10, செவ்வாய்

ஒரு பத்திரிகை ஆசிரியர் குழுவின் மூலம் என்னைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். அடுத்த இதழில் அச்சிடலாமா என்று கேட்கிறார். போன் நம்பரும் கொடுத்திருக்கிறார். "போடலாம் சார்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஓட்டுவது ஸ்கூல் வேன்.

"எதப் பத்தி பாப்பா எழுதின?"

"நம்ம குடும்பத்தப் பத்திப்பா."

"நல்லதாத்தான் எழுதியிருப்ப" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. "இந்த வீட்டுல கரண்டு பில்லத் தவிர வேற எதுலயும் நம்ம பேரு அச்சாகி வந்ததில்ல. தெரியுமா?"

தங்கை வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "வாழ்த்துகள் எழுத்தாளரே. இனிமே ஃபேன் நிரந்தரமா உனக்குத்தான்" என்றாள்.

அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? அப்பாதான். வேனில் ஏறும் பிள்ளைகளிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். என் மூத்த பொண்ணு எழுதுறா, இன்னும் பதினேழுன்னு குழு, ஊரே படிக்குது, நீங்களும் படிங்க. படித்துவிட்டார்கள். தங்கை போவதும் அந்த வேனில்தான், அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும் அதில்தான் வருகிறார்கள். டிரைவருடைய மூத்த பெண்ணுக்கு ஒரே தங்கைதான் என்று அவர்களுக்குத் தெரியாதா? இன்றைக்குக் காலை பின் சீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சிரித்துக் காட்டியிருக்கிறார்கள். "பயிற்சி முடிஞ்சுதா? எந்தச் சிரிப்பு செலக்ட் ஆச்சு?" வகுப்புக்குப் போனால் அங்கேயும் அதே.

பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"உன் பேர நான் எங்கயும் போடலையே" என்றேன். இதுதான் என் வாயில் முதலில் வந்தது. சே.

"மோட்டார்னு போட்டியே. அங்க அதுதான் என் பேரு."

"இல்லடி, நல்லவிதமாத்தான்... எத்தனை பேரு உனக்காக அழுதாங்க தெரியுமா..."

"நான் கேட்டனா? எனக்காக அழுங்கன்னு நான் கேட்டனா?" பிறகு மெதுவாக, அதுதான் தாங்கவில்லை, மெதுவாகச் சொன்னாள்: "நீ போன் பேசறதுக்கு முன்னாடி மாடிப்படியில நின்னு ஒத்திகை பாப்ப. வணக்கத்தக்கூட ரெண்டு தடவ சொல்லிப் பாப்ப. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே எனக்குத் தெரியும். யார்கிட்டயாவது சொன்னனா அக்கா?"

மெத்தையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

ஃபேன் முழுக்க என் பக்கம்.

ஜூன் 13, வெள்ளி

குளியலறையில் இன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

பதிவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? படமெடுத்து வைத்திருப்பவர்களிடம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பல் டாக்டர் கேட்டார்: "ஏம்மா எடுத்துட்டீங்க? வலிக்கிற இடத்தைச் சரியா தொட்டிருந்தீங்களே."

"வலிச்சது எனக்கு இல்ல டாக்டர்" என்று எழுதி, யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். நான் யாரையும் எதிர்த்து எழுதியதே கிடையாது. பிறகு நடந்ததையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பதில் வந்தது: "நான்கூட ஆள உக்கார வச்சு, கேட்டுட்டுத்தான் வாயத் திறக்கச் சொல்றேன். ஓரக்குறிப்புக்கு இப்படி ஒரு விதி வைக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. பத்திரிகைக்கு உடனே சொல்லிடுங்க. திங்கக்கிழமை அச்சுக்குப் போயிடும். மெசேஜ் வேண்டாம், அச்சு வேலை நேரத்துல அவர் பார்க்கவே மாட்டார். போன் பண்ணுங்க."

போன்.

ஜூன் 14, சனி

பண்ணவில்லை.

இங்கேயாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன். பயத்தால் மட்டும் பண்ணாமல் இல்லை. எனக்கு அது அச்சில் வர வேண்டும். அப்பா அதை வெட்டிக் கண்ணாடி போட்டு அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டுவார். பள்ளி முழுக்கத் தெரிந்தாகிவிட்டது, இனிமேல் புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது? இப்படியெல்லாம் மனசு வக்காலத்து வாங்குகிறது.

தீயணைப்பு நிலையத்துப் பெண்ணுக்காக எத்தனை பக்கம் கண் கலங்கினேன்! அவளுடைய கண்ணாடிக்கு முன்னால் யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் ஆத்திரப்பட்டிருப்பேன். சொந்த வீட்டுக் குளியலறைக் கதவை நானே திறந்துவிட்டேன். ஊரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கதையில் வருகிறவளைப் படிப்பது போலவே இவளையும் படித்துவிட்டேனா? கதையில் வருகிறவள் மறுநாள் வேனில் ஏறிப் பள்ளிக்குப் போக வேண்டியதில்லையே.

அம்மா: "என்னடி உங்களுக்குள்ள? ஒருத்தி ஹால்ல சாப்பிடுறா, ஒருத்தி ரூம்ல சாப்பிடுறா. நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?"

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே பேச வேண்டியதை எழுதிக்கொண்டேன். மாடிப்படிக்குப் போகலாம் என்று ஹாலைக் கடந்தேன். தங்கை அங்கே ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தலையைக் குனிந்து மறுபடி லேஸைப் பிடித்தாள்.

அங்கேயே நின்று நம்பரை அழுத்தினேன். தாளை மடித்துவிட்டேன்.

"சார், அந்தக் கட்டுரை... அத போடாதீங்க சார்."

"யாரும்மா நீங்க?"

வணக்கத்தை மறந்துவிட்டேன்! பெயர் சொல்லி, எந்தக் கட்டுரை என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"பக்கம் கட்டியாச்சேம்மா. யார் பேரும் அதுல இல்லையே, என்ன பயம்?"

"அது யாருன்னு அவளுக்குத் தெரியும் சார். அவகிட்ட நான் கேட்கல. கேட்காம எடுத்தது சார் அது."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லா எழுதுறீங்க. இப்படித் திருப்பி வாங்கினா அடுத்த தடவை யாரும் கேட்க மாட்டாங்க, தெரியுதா?"

"பரவாயில்ல சார்" என்றேன். பரவாயில்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

போனை வைத்துத் திரும்பினால் தங்கை அதே ஷூவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா வேன் துடைக்கும் துணியோடு நின்றார்.

"என்ன பாப்பா, என்னிக்கு வருதாம்?"

"வராதுப்பா. நான்தான் வேணாம்னுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பு ஸ்டாண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட வண்டியில யாரும் ஒண்ணும் சொல்லலையே. கண்ணாடியில பார்த்தேன், பின்னாடி பிள்ளைங்க சிரிச்சிட்டு வந்தாங்க. சந்தோஷமா வராங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா இன்று பாதி வழியில் வேனை ஓரங்கட்டி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "என் பொண்ணக் கிண்டல் பண்ற வாய் மூடினாத்தான் வண்டி கிளம்பும்" என்று சொல்லிவிட்டாராம். வேன் மொத்தமும் பள்ளிக்குத் தாமதம். எல்லோரும் வகுப்புக்கு வெளியே நின்றார்களாம்.

"ஐயோ அம்மா, இவர யாரு கேட்டா? இருந்த கொஞ்சநஞ்ச மானமும் போச்சு! நாளைக்கு நான் நடந்தே போறேன்." இதைத் தங்கை அம்மாவிடம்தான் சொன்னாள். ஆனால் அறைக்குள் எனக்கும் கேட்கிற மாதிரி.

ஜூன் 20, வெள்ளி

என் நாவலைக் காணோம். ஆபீஸ் பையில் இல்லை, மேஜையில் இல்லை.

ஹாலில், அவள் தலையணைக்கு அடியில், ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

குழுவில் கடைசி அத்தியாயப் பேச்சு. புது விதியும் வந்துவிட்டது: அடுத்தவரைப் பற்றிய ஓரக்குறிப்பை அவரிடம் படித்துக்காட்டிய பிறகுதான் போட வேண்டும். நான் மட்டும், "என் புத்தகம் வேற ஒருத்தர்கிட்ட இருக்கு, அவங்க முடிக்கட்டும்" என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம், ஹாலிலிருந்து, யாரைப் பார்த்தும் இல்லாமல் ஒரு குரல்: "அந்தப் பொண்ணு கடைசியில அவங்கப்பாகிட்ட பயமா இருக்குன்னு சொல்லிடுவாளா?"

என்னிடம்தான்! இத்தனை நாளில் முதல் பேச்சு.

"சொல்லக் கூடாது. குழு விதி."

"ஓ. உங்க ஆளுங்களுக்கு ஒளிச்சு வைக்கக்கூடத் தெரியுமா?"

சுருக்கென்றது. ஆனால் பேச்சு வந்துவிட்டதே. குத்தட்டும். இன்னும் நாலு குத்து குத்தட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது ஹாலில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் நாவல். தண்ணீர் திறந்திருக்கவில்லை, கையில் போன் இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தவும் இல்லை. எந்தப் பக்கத்துக்கு, எப்படிச் சிரித்தாள் என்று எழுத மாட்டேன்.

வாசலிலேயே நின்றேன், பை தோளில். எழுதிக்கொள்ளவில்லை, சொல்லிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்ட பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

"ஃபேன் உன் பக்கமே இருக்கட்டும். உள்ள வந்து படுத்துக்கிறியா?"