கேட்கக் கூடாத குரல்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

நர்ஸ் பயிற்சியில எல்லாம் சரியாப் போகுது, இந்த ஊர் பாஷையைத் தவிர. காதால கேட்டுப் புரிஞ்சுக்கிற பரீட்சையில போன தடவை தேறலை. ஏப்ரல் கடைசியில மறுபடி வைக்கிறாங்க. அதுலயும் கோட்டை விட்டா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாஷை சொல்லித்தர்ற டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, அது முடியிற வரைக்கும் காதுல தாய்மொழியே விழக் கூடாதாம். சாயங்காலம் உங்களோட பேசிட்டு மறுநாள் வார்டுக்குப் போனா, யார் எது சொன்னாலும் மனசுக்குள்ள தமிழாக்கிப் பார்க்கிறேன். அதுக்குள்ள அவங்க அடுத்த பேச்சுக்குப் போயிடுறாங்க. அதனால போன் வேண்டாம்ப்பா. மெசேஜும் வேண்டாம், பார்த்தா கை தானா உங்களைக் கூப்பிட்டுடும். கடிதம் போடுங்க. கண்ணால படிக்கத் தடை இல்லை. கோவிச்சுக்காதீங்க.

உங்கள் அன்பு மகள்

மார்ச் 16

என் வாயாடி மகளுக்கு,

நீயா பேசாம இருக்கப் போறே? அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை. பெத்த அப்பன் பேசினாப் படிப்பு கெடும்னு சொன்ன டீச்சரை ஒரு நாள் நம்ம காய்கறி மண்டிக்குக் கூட்டிட்டு வா. நான் தக்காளி ஏலம் கூவினா எந்த பாஷைக்காரனுக்கும் விலை புரியும்.

அதுலதான் இப்போ தகராறு. ரெண்டு மாசமாத் தொண்டை கரகரங்குது. போன வாரம் பாதி ஏலத்துல குரல் நின்னுபோச்சு. வியாபாரிங்களுக்குக் கேலி, அம்மாவுக்கு நச்சரிப்பு. டாக்டரைப் பார்க்கப் போறேன்.

நீ படிப்பைப் பாரு. நாங்க போன் பண்ண மாட்டோம். அம்மாகிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு.

அப்பா

மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க. டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காம எழுதுங்க.

ரேடியோவுல வானிலை வாசிக்கிறதைப் பதிவு பண்ணி, அதையே திரும்பத் திரும்பக் கேக்கிறேன். முதல்ல வெறும் இரைச்சல். அர்த்தம் தேடாம, எங்க மூச்சு வாங்குறாங்க, எங்க குரல் ஏறுது இறங்குதுன்னு மட்டும் கவனிச்சேன். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாத் தலை காட்டுச்சு. நேத்து வார்டுல ஒரு பெரியவர் முனகினார். ஜன்னலைத் திறக்கச் சொல்றார்னு யோசிக்காமலே புரிஞ்சுது. போய்த் திறந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, நடுவுல தமிழே வரலை. சந்தோஷத்துல அழுதுட்டேன்ப்பா.

ஆனா உங்க பேச்சு இல்லாத சாயங்காலம் நல்லாவே இல்லை. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கூப்பிடுவேன். காது வலிக்கிற வரைக்கும் பேசணும்.

உங்கள் மகள்

ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

மறைக்காம எழுதச் சொன்னே, எழுதுறேன். தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்லை. குரல்வளையையே எடுத்தாத்தான் உயிர் தங்கும்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் குரல் இருக்காது.

இது உன் கைக்கு வர்றப்போ உன் பரீட்சையும் முடிஞ்சிருக்கும். நாள் கணக்குப் பார்த்துதான் தபால்ல போடுறேன். இன்னைக்கு ஒரு தடவையாவது பிள்ளைகிட்ட பேசிடுங்கன்னு அம்மா ஒரே சண்டை. போனைக் கையில எடுத்துட்டேன். என் குரல் இருக்கிற இருப்பைக் கேட்டா நீ அடுத்த விமானத்துல ஏறிடுவே. வச்சுட்டேன்.

வாழ்நாள் பூராக் கூவியாச்சு. எனக்குப் பயம் சாவைப் பத்தி இல்லம்மா, நீ தோத்துத் திரும்பி வந்துடுவியோன்னுதான். நல்லா எழுதியிருப்பே.

அப்பா

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

தேறிட்டேன். இப்போ சண்டைக்கு வர்றேன்.

யாரைக் கேட்டு அந்தப் போனைக் கீழே வச்சீங்க? பரீட்சை முடிஞ்ச கையோட ஆசையாக் கூப்பிட்டேன். அம்மா அழுதுக்கிட்டே சொன்னா. உங்க கடிதம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. டீச்சர் சொன்னது ஒரு பாடம். அதை நாம ரெண்டு பேரும் சாமி உத்தரவு மாதிரி பிடிச்சுக்கிட்டோம்.

போன ஞாயித்துக்கிழமை குரல் போனவங்க பேசுறதுக்காக ஆஸ்பத்திரியில குடுத்த கருவியைத் தொண்டையில வச்சுப் பேசினீங்க. மோட்டார் ஓடுற மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் புரியலை. "என்னப்பா, என்னப்பா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். போனை வச்சுட்டீங்க. அன்னையிலேர்ந்து கருவியை அலமாரியில போட்டுட்டு, எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டுறீங்களாமே.

பெத்த பிள்ளைக்கே புரியாத பேச்சு எதுக்குன்னு நினைச்சுட்டீங்க, இல்லையா? நான் வந்து இறங்கினப்போ இந்த ஊர்ல ஒரு பேச்சும் எனக்குப் புரியலை. அதுக்காக இவங்க யாரும் பேசறதை நிறுத்தலையே. முகம் தெரியாத யாரோ மழை வரும் வராதுன்னு வாசிச்சதை மாசக்கணக்கா உக்காந்து கேட்டவ நான். உங்களைக் கேக்க மாட்டேனா?

இனிமே தினமும் சாயங்காலம் கூப்பிடுவேன். கருவியை எடுத்து வச்சுப் பேசுங்க. பக்கத்து வீட்டுல என்ன சண்டை, அம்மா எதுக்கு முறைச்சா, எதுன்னாலும் சரி. கொஞ்ச நாளைக்கு எனக்கு ஒண்ணும் விளங்காது. புரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டேன், இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேப்பேன்.

நீங்க போனை மட்டும் வச்சுடாதீங்கப்பா.

உங்கள் மகள்