இரண்டு விரல் கீழே

இன்று காலை ஜூஜுவாடி சபையில் கீபோர்டு பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். ஒயர் எடுக்கத்தான் கையை விட்டேன். வந்தது ஒரு அதிமதுரத் துண்டு. ஒரு முனை மென்று நார்நாராக இருந்தது. அந்த வாசனைக்கு நான் தயாராக இல்லை. பாடுகிற தொண்டைக்கு நல்லது என்று எப்போதும் மெல்லுவாய். உன் சுடிதாரில் பாக்கெட் இல்லை என்று என் பையை உன் மருந்துப் பெட்டியாக்கி வைத்திருந்தாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் இதே பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை. பட்டது நல்ல நேரத்தில்தான். ஏன் என்று சொல்கிறேன், வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேள்.

நம்முடையது என்ன பெரிய இசைக்குழு! நான்கு பேர், ஒரு பழைய வேன். வேன் ஓட்டுவதும் டிரம்ஸ் அடிப்பதும் சாமுவேல் அண்ணன். இரண்டையும் ஒரே வேகத்தில்தான் செய்வார். கிடார் என் வீட்டுக்காரர், கீபோர்டு நான், பாட்டு நீ. ஆறு நாள் ஆளுக்கொரு கம்பெனி, ஏழாம் நாள் நாலு பேரும் ஒரே வேன். ராயக்கோட்டைக்குப் போகும் வழியில் தக்காளி லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே நீ தொண்டையைச் சரிசெய்வாய். பக்கத்தில் பைக்கில் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் அவர்களுக்கும் கையசைப்பாய். தமிழ்ப் பாட்டு, கன்னடப் பாட்டு, தெலுங்குப் பாட்டு எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்த உன் நோட்டு மடியில் கிடக்கும்.

எந்தச் சபைக்குப் போனாலும் மைக் டெஸ்ட் முடிந்ததும் நீ காணாமல் போவாய். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சுற்று. இவருக்கு ஒரு ஸ்தோத்திரம், அந்த அம்மாவிடம் பிள்ளைகள் பற்றி ஒரு விசாரிப்பு. திரும்பி வந்து, பாட்டு நோட்டுக்குப் பின்னால் மறைத்து எனக்கு மட்டும் விரல் காட்டுவாய். ஒரு விரல் என்றால் சுருதியை ஒரு படி இறக்க வேண்டும், இரண்டு என்றால் இரண்டு படி. என் கீபோர்டில் அதற்கென்றே டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு நான் பழகிய கட்டைகளையே வாசிக்கலாம், சுருதி மட்டும் கீழே இறங்கிவிடும். கிடாரில் அந்த வசதி இல்லை. "உனக்கு பட்டனு, எனக்கு வெரலு தேயுது" என்று என் வீட்டுக்காரர் முனகுவார்.

காலை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருகிறவர்கள். சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். நீயும் எட்டு மணி நேரம் நின்றபடி ஒயர் கோக்கிறவள்தானே, உனக்கு அந்த முகங்கள் தெரியும்.

"நமக்கு சுருதி எட்டுதான்னு பாக்காதடி. ராவெல்லாம் நின்னுட்டு வந்தவளுக்கு எட்டுதான்னு பாரு" என்பாய்.

கிருஷ்ணகிரி சபையின் ஆண்டு விழாவை மறக்க முடியுமா? முதல் பாட்டுக்கு நீ காட்டியபடி இரண்டு படி இறக்கினேன். அடுத்த பாட்டுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது மண்டையில் இல்லை. என் வீட்டுக்காரர் மேல் சுருதியில் கிடாரை மீட்ட, நான் கீழ்ச் சுருதியில் கம்பீரமாக ஆரம்பித்தேன். தகர டப்பாக்களைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். அவர் என்னை முறைத்தார். நானும் விடவில்லை, தப்பு அவர்மேல்தான் என்பதுபோல் முறைத்தேன். நீ மைக்கைப் பிடித்து, "தப்பா நெனைக்காதீங்க, இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி. இன்னிக்கி வீட்லயும் இதே சுருதிதான்" என்றாய். சபையே சிரித்தது, போதகர் உட்பட. அந்தப் பாட்டைக் கைத்தட்டலோடு, கருவியே இல்லாமல் பாடி முடித்தாய். மறுநாள் உன் கம்பெனி சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கொண்டுவந்து அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டினாய். இன்னும் இருக்கிறது.

நான் உன்னைச் சும்மா விட்டேனா? "மக்களுக்கு எட்டலன்னு சொல்றதெல்லாம் சாக்கு. ஒனக்கு எட்டல, அதான் எறக்கச் சொல்ற" என்று வருஷக்கணக்கில் கிண்டல் செய்தேன். வேனில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். நீ சிரித்துக்கொண்டே அதிமதுரம் மெல்லுவாய்.

பிறகு காவேரிப்பட்டினம். மதியச் சாப்பாடு முடிந்து வேன் கிளம்பும்போது, நோட்டை மறந்துவிட்டேன் என்று சபைக்குள் ஓடினாய். வெகு நேரம் வரவில்லை என்று நான் தேடி வந்தேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று நீ பாடிக்கொண்டிருந்தாய், நீயே எழுதி, நாம் எல்லாச் சபையிலும் காலை ஆராதனையில் பாடுகிற அந்தக் காலைப் பாட்டை. இறக்காத சுருதியில். இல்லை, அதற்கும் இரண்டு படி மேலே. ஒரு இடத்திலும் திணறவில்லை. நான் கதவோரம் நின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது.

"இப்பிடிப் பாடுவியா நீ? அப்பறம் ஏண்டி நான் கிண்டல் பண்ணப்பல்லாம் வாயத் தொறக்கல?"

"நீ சந்தோஷமா இருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டன்" என்று சொல்லி நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாய்.

காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்குப் பிறகு யாரும் கிடைக்காமல் வேன் மூன்று மாதம் சும்மா நின்றது. கிரேஸ் வந்துதான் அது மறுபடி நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர், மணியான குரல். பாட்டை அதன் அசல் சுருதியில்தான் பாடுவாள். இறக்கினால் பாட்டு செத்துவிடும் என்பது அவள் கட்சி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. விரல் காட்ட ஆள் இல்லை, பட்டன் தொல்லை இல்லை. ஜனங்கள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள், பலமாகக் கைதட்டினார்கள். போன தடவை ஜூஜுவாடி போதகர் மட்டும் வேன் வரைக்கும் வந்து, "பாட்டு ரொம்ப நல்லாருந்துச்சும்மா. ஆனா எங்க ஜனம் வாயே தொறக்கலியே" என்றார். அவர் சொன்னது ஒரு மாதமாக என்னை அரித்தது. கிரேஸிடம் சொல்லப் பயம். கோபித்துக்கொண்டு போய்விட்டால் குழு அத்தோடு முடிந்தது. போதகரோ இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட காலையில்தான் உன் அதிமதுரம் கைக்கு வந்தது. ஒயரைச் சொருகிவிட்டு நான் முதல் முறையாக நாற்காலிகளுக்கு நடுவே நடந்தேன். உன்னைப்போல் விசாரிக்கத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஸ்தோத்திரம் மட்டும் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண், சாம்பல் நிறச் சீருடை, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் தலை சாய்த்திருந்தாள்.

"நைட்டாம்மா?"

"ஆமாக்கா. ரெண்டு வாரமா நைட்டுதான். குரலே வர்ல, இருந்தாலும் பாட்டுக்காகத்தான் வந்தன்."

திரும்பி வந்தேன். கிரேஸின் காதில், "ரெண்டு எறக்கறன்" என்றேன்.

"அக்கா, எனக்கு இது ரொம்பக் கீழ. பாட்டே எடுபடாது."

"தெரியும். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பொறுத்துக்க."

நான் பட்டனை அமுக்குவதைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் விரல்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டார். முனகக்கூட இல்லை. உன் காலைப் பாட்டைத்தான் எடுத்தோம். கிரேஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் முதல் சரணத்தைப் பாடினாள். இரண்டாவதில் பின்வரிசையிலிருந்து ஆண் குரல்கள் சேர்ந்தன, தெலுங்கு வாடையோடு, கன்னட வாடையோடு. பிறகு அந்தச் சாம்பல் சீருடைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கரகரத்த குரலில், ஒரு வார்த்தையும் விடாமல் பாடினாள். மூன்றாவது சரணத்தில் கிரேஸின் குரல் எனக்குக் கேட்கவில்லை. என்னவென்று பார்த்தால், மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாமுவேல் அண்ணன் அந்தச் சரணத்தை இரண்டு தடவை சுற்ற வைத்தார். நான் அழுதேன், கட்டை மாறவில்லை, அதைக் குறித்துக்கொள்.

வரும் வழியில் வேனில் கிரேஸ் என் பக்கம் திரும்பினாள். போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, அடுத்த வாரம் காவேரிப்பட்டினத்துல எத்தன எறக்கணும்?"

"போய் ஜனத்தப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப நானும் ஒங்ககூட வர்றன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அதிமதுரத்தை அதே பையில், அதே ஜிப்புக்குள் போட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு சபையிலும் ஒயர் எடுக்கும்போது அது கையில் படும். எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நடப்பேன். பார்க்க வேண்டியது எதை என்று இப்போது எனக்குத் தெரிகிறது, ஆனால் உன் கண் எனக்கு இல்லை. அந்தப் பெண் கடைசி வரியில் கொஞ்சம் திணறினாள். இரண்டு போதுமா, இல்லை நீயாக இருந்தால் மூன்று விரல் காட்டியிருப்பாயா?